மூன்றாம் எண் உலர்த்தி

நானூற்றுப் பத்து சதுர அடி.
கதவைத் திறந்தால் கட்டில்,
கட்டிலைத் தாண்டினால் அடுப்பு,
அடுப்புக்கு அப்பால் கண்ணாடி, அதற்கப்பால் செந்தூல்,
பதினேழு மாடிக்குக் கீழே.

சலவை இயந்திரத்துக்கென்று தனி மூலை
விட்டிருக்கிறோம் என்றான் வீடு விற்ற பையன்.
அந்த மூலையில் அரிசி வாளியும்
மடக்கு ஏணியும் நிற்கின்றன.
இயந்திரம் நின்றால்
நான் நிற்க இடமில்லை.

ஆகவே ஐந்தாவது மாடி.
கார் நிறுத்தத்துக்கும் நீச்சல் குளத்துக்கும் நடுவே
சன்னல் இல்லாத அறை.
சலவைக்கு நான்கு, உலர்த்த மூன்று,
அதில் ஒன்று எப்போதும் பழுது.
நான்கு வெள்ளிக்கு முப்பத்தைந்து நிமிடச் சூடு.

டயாலிசிஸ் மையத்தில்
கடைசி நோயாளியின் குழாயைக் கழற்றிவிட்டு
நான் வந்து சேரப் பதினொன்றாகிவிடும்.
அந்த நேரத்தில் அங்கே மனிதர்கள் இல்லை,
அவர்களின் துணிகள் சுற்றிக்கொண்டிருக்கும்.
காவலரின் நீலச் சட்டை, காலர் மட்டும் நரைத்தது.
யாரோ ஒருவருடைய ஏழு கறுப்புக் காலுறை,
எட்டாவது ஒருநாளும் வந்ததில்லை.
முழங்கையில் நீல நூல் தையல் போட்ட பச்சைச் சட்டை,
அதனோடு, வெள்ளி இரவில் மட்டும்,
ஒரு சிறிய கருநீலப் பினஃபோர்.
பெயர்ப் பட்டையில் யாழிசை.
மற்ற ஆறு இரவும்
பச்சைச் சட்டை தனியாகச் சுற்றும்.

ஒருநாள் ஒரு நோயாளிக்கு ரத்த அழுத்தம் இறங்கி
நான் நள்ளிரவு தாண்டி வந்தேன்.
உலர்த்திக்கு மேலே என் துணிகள்
மடித்து அடுக்கியிருந்தன.
உள்ளாடைகளை
துண்டுக்கு அடியில் மறைத்து வைத்திருந்தது
அந்தக் கை.
யாருடையது என்று நான் விசாரிக்கவில்லை.
விசாரித்தால்
லிஃப்டில் முகம் பார்க்க வேண்டிவரும்.

ஆண்டுப் பொதுக்கூட்டம், தீர்மானம் ஆறு:
சலவை அறையை மூடி
உடற்பயிற்சிக் கூடத்தைப் பெரிதாக்குவது.
"வீட்டில் மெஷின் இல்லாமல் இந்தக் காலத்தில்
யார் இருக்கிறார்கள்?"
மூன்று படுக்கையறை திரு. பூன்
உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார்.

பின் வரிசையில் பச்சைச் சட்டை எழுந்தது.
முழங்கையில் நீல நூல்.
"என் மகள் வாரத்தில் ஒரு ராத்திரிதான்
என்கிட்ட..."
செயலாளர் பட்டியலைப் பார்த்தார்,
மரியாதையாகத்தான் சொன்னார்:
வாடகைக்கு இருப்பவர்கள் பேச முடியாது,
உட்காருங்கள், என்சிக்.
உட்கார்ந்தது.

கை தூக்கியபோது நாங்கள் ஜெயித்தோம்.
ஒரு நிமிடம்.
பிறகு யாரோ பங்கு அலகில் எண்ணச் சொன்னார்கள்.
என் கைக்கு நாற்பத்தொன்று,
திரு. பூனின் கைக்கு நூற்று முப்பது.
என்னைப்போல் மூன்று பேர் சேர்ந்தாலும்
அவருக்கு ஏழு குறைவு.
சீட்டின் பின்பக்கம் கூட்டிப் பார்த்தேன்,
இரண்டு முறை.
பால்கனியில் துணி காயப்போட்டால்
ஐம்பது வெள்ளி அபராதம் என்பதை
தீர்மானம் ஏழு
மீண்டும் ஒருமுறை நினைவூட்டியது.

மூடும் வாரத்தின் வெள்ளி.
மூன்றாம் எண் ஓடி முடித்துக் கிடந்தது.
கண்ணாடிக்குள் பச்சையும் கருநீலமும்.
பத்து நிமிடம் நின்றேன், யாரும் வரவில்லை.
கதவைத் திறந்தேன்.
இன்னும் சூடு இருந்தது.
பினஃபோரின் மடிப்புகளை ஒவ்வொன்றாக
உள்ளங்கையால் தேய்த்து,
பெயர் மேலே தெரிய வைத்தேன்.
சட்டையில் நீல நூல் பிரிந்திருந்தது.
முனையைப் பல்லால் கடித்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து ஏணியை எடுத்து வெளியே சாத்தினேன்.
அரிசி வாளியைக் கட்டிலுக்கடியில் தள்ளினேன்.
அளவு நாடா ஐம்பத்தெட்டு என்றது.
கடையில் இருப்பதிலேயே சிறியது
அறுபது சென்டிமீட்டர்.

அந்த மூலையில் போய்
நானே நின்று பார்த்தேன்.
பக்கவாட்டில் திரும்பினால்
கொள்கிறது.